கோணமங்கலத்து நேர்கோடு

கோணமங்கலத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். பேருந்தில் ‘கை நீட்டாதீர்’ என்று எழுதியிருந்தால் டிக்கெட் வாங்கக்கூடக் கை நீட்ட மாட்டார்கள். கண்டக்டர்தான் அவர்கள் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு டிக்கெட்டைக் காதில் செருகிவிட்டுப் போக வேண்டும். இவ்வளவு ஒழுங்கான ஜனங்களை வேறு எங்கே பார்க்க முடியும்?

ஊருக்கு வடக்கே மேட்டில் ஏரி. நடுவில் ஊர். தெற்கே பள்ளத்தில் வாழைத் தோட்டங்கள். ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, வாழை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இரண்டுக்கும் நடுவே வாய்க்கால் இருந்ததாம். அதன்மேல் ஒருவர் மாட்டுக்கொட்டகை போட்டார், அடுத்தவர் கக்கூஸ் கட்டினார், அதற்கடுத்தவர் சுற்றுச்சுவர் எழுப்பினார். பிறகு எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, வாய்க்காலை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மனு கொடுத்தார்கள்.

இதில் ரொம்பவும் தவித்தவள் செங்கமலம். குத்தகை நிலத்தில் வாழை போட்டிருந்தாள். குலை தள்ளுகிற நேரம். இந்த வருஷம் வெள்ளாமை போனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. தினமும் கருகின வாழையிலை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஊராட்சித் தலைவர் வீரபாகுவின் வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

“தலைவரே, தண்ணி எப்ப வரும்?”

“வரும்மா. இலையை அங்க வெச்சிட்டுப் போ, சாப்பாட்டுக்கு ஆகும்.”

கடைசியில் ஒருநாள் மேலிடத்திலிருந்து பூங்கோதை என்ற இளம் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஏரி மதகின் வாயில் ஒரு முளையை அடித்தார். ஊராரை எதிரே நிற்க வைத்து விளக்கினார்.

“இந்த முளைதான் உங்க புள்ளி. இங்கேருந்து நேரா தெற்கே பார்த்து வெட்டிக்கிட்டுப் போங்க. நூறு அடி போனா ஒரு அடி இறங்கணும். அதுதான் சாய்வு. ஒரு புள்ளியும் ஒரு சாய்வும் தெரிஞ்சா போதும், ஒரே ஒரு நேர்கோடுதான் வரும். நீங்களே நினைச்சாலும் தப்புப் பண்ண முடியாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. பாவம், அவருக்கு ஊர் புதிது.

போகிற போக்கில் மதகுச் சுவரில் சாக்கட்டியால் பெரிதாக எழுதியும் வைத்தார்.

y − y₁ = m(x − x₁)

“எங்கே எவ்வளவு ஆழம் வெட்டணும்னு சந்தேகம் வந்தா இதுல போட்டுப் பாருங்க. m-தான் சாய்வு. x₁, y₁ ரெண்டும் உங்க புள்ளி.”

வீரபாகு கை தூக்கினார். “அம்மா, ஒருவேளை இந்த முளை தொலைஞ்சு போச்சுன்னா?”

“பரவாயில்லை. அதே கோட்டுல இருக்கிற வேற எந்தப் புள்ளியை எடுத்தாலும் இதே கோடுதான் வரும்.”

ஜீப் கிளம்பியது. புழுதி அடங்கியதும் கூட்டம் கூடியது.

முதலில் சமன்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. இப்படிப்பட்ட விஷயங்களில் ஊருக்கு அறிவானந்தம்தான் துணை. பத்தாம் வகுப்பை ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தவர். சுவரை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

“இதுல எனக்கு ஒரு வருத்தம்” என்றார். “நல்ல காரியம் தொடங்குறோம். ரெண்டு இடத்துல கழித்தல் குறி போட்டிருக்காங்க.”

கூட்டத்தில் சலசலப்பு. மேற்குத் தெருவின் முக்கியஸ்தர் திருமேனி எழுந்தார். அவர் வீரபாகுவின் தங்கையைக் கட்டியவர். அந்தக் கல்யாணத்தில் பந்தியில் தனக்கு அப்பளம் வைக்கவில்லை என்பதால் இன்றுவரை மச்சானோடு மனத்தாங்கல்.

“போன தடவை ரோட்டுக்கு வந்த ஜல்லியிலயே பாதி கழிஞ்சுதான் வந்துச்சு. இப்ப முன்கூட்டியே எழுதியே வெச்சிட்டாங்க பாருங்க!”

“நமக்கு எதுவும் குறையக் கூடாது” என்றார் வீரபாகு. உடனே ஒருவர் ஏணி போட்டு ஏறி, இரண்டு கழித்தலுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கூட்டல் ஆக்கினார். கைதட்டல் எழுந்தது. அப்படியே எண்ணெய்ப் பெயின்டால் அழுத்தமாக எழுதி, கீழே ‘உபயம்: வீரபாகு’ என்று முடித்தார்கள். மேற்குத் தெருக்காரர்கள் விடுவார்களா? பக்கத்திலேயே ‘ஏணி உபயம்: திருமேனி’ என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்ததாகப் பெரிய சிக்கல் வந்தது. முளை அடித்திருந்த இடம் கிழக்குத் தெருவும் இல்லை, மேற்குத் தெருவும் இல்லை. கோணமங்கலத்தில் எந்தக் காரியமும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில்தான் தொடங்கும். தேர் கிளம்புவதும் அப்படித்தான், கொசு மருந்து அடிப்பதும் அப்படித்தான். ஏரிக்கரையில் தொடங்கினால் முதல் மரியாதையை யாருக்குக் கொடுப்பது? தவளைக்கா?

“புள்ளி என் வீட்டு வாசல்லதான் இருக்கணும். தலைவர்னு ஒரு முறை இருக்கில்ல” என்றார் வீரபாகு.

“அந்தம்மா மதகுலதானே அடிச்சிருக்காங்க?” என்று செங்கமலம் கேட்டாள்.

அறிவானந்தம் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். “அம்மா என்ன சொன்னாங்க? கோட்டுல இருக்கிற எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதே கோடு வரும்னு சொன்னாங்களா இல்லையா?”

“சொன்னாங்க.”

“கோடு போட்டாச்சா?”

“இன்னும் இல்லை.”

“போடாத கோட்டுல எந்தப் புள்ளி இருக்கு, எது இல்லைன்னு யாரால சொல்ல முடியும்? கோடு போட்டு முடிச்ச பிறகுதானே தெரியும்? ஆக, இன்னைய தேதிக்கு ஊர்ல இருக்கிற அத்தனை புள்ளியும் அந்தக் கோட்டுலதான் இருக்கு.”

இதற்கு மறுப்பே இல்லை. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், சட்டென்று பிடி கிடைக்கவில்லை. அன்று மாலையே மதகிலிருந்த முளையைப் பிடுங்கி, மாலை போட்டு, வீரபாகுவின் வாசற்படி ஓரத்தில் நட்டார்கள்.

திருமேனியும் அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எல்லாப் புள்ளியும் கோட்டில் இருக்கிறது என்றால் அவர் வீட்டு வாசல் மட்டும் என்ன பாவம் செய்தது? தன் பங்குக்கு ஒரு முளையைச் சீவி மேற்குத் தெருவில் அடித்தார். சாய்வு ஒன்றுதான், கோடும் ஒன்றுதான், எங்கே தொடங்கினாலும் போய் ஒன்றாகிவிடும் என்று இரண்டு தெருவும் சமாதானமாகப் பிரிந்தன. மறுநாள் காலை இரண்டு வாசலிலும் பூசணிக்காய் உடைத்து, தெற்கே பார்த்து வெட்டத் தொடங்கினார்கள்.

வேலையில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் கொஞ்ச தூரத்திலேயே கிழக்குத் தெருக்காரர்கள் திடீரென்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“என்னய்யா ஆச்சு?” என்று வீரபாகு ஓடி வந்தார்.

“நூறு அடி போனா ஒரு அடி இறங்கணும்னு அம்மா சொன்னாங்க. நாங்க இப்ப ஐம்பதாவது அடியில நிக்கிறோம். இங்க எவ்வளவு இறங்கணும்னு சொல்லலையே?”

“அரை அடி இறங்குங்க.”

“அது அம்மா சொன்னதா, நீங்க சொல்றதா?”

வீரபாகு தடுமாறிப் போனார். மேலிடத்து விஷயத்தில் தானாக ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. சுவரில் போட்டுப் பார்க்கலாம் என்றால், சுவர் ஏரிக்கரையில் இருந்தது. ஐம்பதாவது அடியைப் பற்றி மேலிடத்தில் விளக்கம் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கலாமா என்றுகூட ஆலோசனை நடந்தது. கடைசியில் அறிவானந்தம்தான் காப்பாற்றினார். சொல்லாததைச் செய்யாமல், நூறாவது அடிவரை சமமாகவே வெட்டிக்கொண்டு போய், அங்கே ஒரேயடியாக ஓர் அடி இறங்கிவிடலாம் என்றார். அப்படியே வாய்க்கால் முழுக்கப் படிப்படியாக அமைந்தது. தண்ணீர் வராத நேரத்தில் உட்கார்ந்து பேச ரொம்ப வசதியாக இருந்ததென்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இரண்டு வாய்க்காலும் ஊரைத் தாண்டிவிட்டன. இரண்டும் தெற்கே பார்த்து, ஒரே சாய்வில், கூப்பிடு தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. ஒன்று சேரத்தான் காணோம்.

“மச்சான்!” என்று வீரபாகு இந்தப் பக்கமிருந்து கத்தினார். “எப்ப வந்து சேர்றீங்க?”

“நாங்க எதுக்கு வரணும்? நீங்க வந்து சேருங்க!” என்று திருமேனி அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

“கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா என்னய்யா?”

“எனக்கு அப்பளம் வைக்க வளைஞ்சு குடுத்தீங்களா? அம்மா நேர்கோடுன்னு சொல்லியிருக்காங்க. வளைஞ்சா சட்டவிரோதம்!”

அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் வீம்புக்கு இன்னும் நேராக வெட்டினார்கள். அவ்வளவு நேரான இரண்டு வாய்க்கால்களை நான் பார்த்ததே இல்லை. கிழக்குத் தெரு வாய்க்கால் போய் நின்ற இடம் செங்கமலத்தின் வாழைத் தோட்டம். மேற்குத் தெரு வாய்க்கால் சுடுகாட்டில் போய் நின்றது. திருமேனி அசரவில்லை.

“எங்க கோடு, எல்லாரும் கடைசியில போற இடத்துக்குத்தான் போகுது” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

செங்கமலம் புது வாய்க்காலின் முனையில் குந்தி உட்கார்ந்து நாள் முழுக்க வடக்கே பார்த்தாள். தண்ணீர் வரவில்லை. வாழை மரங்கள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. ஒரு கருகின இலையை எடுத்துக்கொண்டு வீரபாகுவின் வீட்டுக்கே போனாள்.

“வாய்க்கால் வந்துடுச்சு தலைவரே. தண்ணி எங்க?”

“வாய்க்கால் இப்பத்தானேம்மா வந்திருக்கு? தண்ணிக்கு விஷயம் தெரிய வேண்டாமா?”

நல்லவேளையாகப் பூங்கோதை பணியைப் பார்வையிட வந்தார். இரண்டு வாய்க்காலையும் பார்த்தார். படிகளைப் பார்த்தார். வீரபாகுவின் வாசலில் மஞ்சள் குங்குமத்தோடு நின்ற முளையைப் பார்த்தார்.

“சாய்வு சரியாத்தான் இருக்கு” என்றார் மெதுவாக. “புள்ளிதான் தப்பு. ஒரே சாய்வுல ரெண்டு புள்ளியிலேருந்து கிளம்பினா ரெண்டு கோடு வரும், அது ரெண்டும் எந்தக் காலத்துலயும் சேராது. தண்ணி இருக்கிற இடத்துல ஆரம்பிக்கணுங்க. மதகும் வாய்க்கால் ஆரம்பிக்கிற இடமும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேண்டாம்.”

அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பக்கத்து ஒன்றியத்தில் கட்டிய பாலத்துக்கு அடியில் ஆற்றைக் காணோம் என்று புகார். அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

“பார்த்தீங்களா, சாய்வு சரியாம்!” என்று ஊரே பூரித்துப் போனது. மிச்சமிருந்தது ஒரே வேலை. மதகும் வாய்க்கால் ஆரம்பிக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

“இதுக்கு ரெண்டு வழி இருக்கு” என்றார் அறிவானந்தம். “ஒண்ணு, வாய்க்காலை மதகுக்குக் கொண்டு போகணும். இல்லைன்னா மதகை வாய்க்காலுக்குக் கொண்டு வரணும். வாய்க்கால் எவ்வளவு நீளம்?”

“கண்ணுக்கெட்டுற தூரம்.”

“மதகு?”

“நாலு ஆள் அகலம்.”

“எதைத் தூக்கறது சுலபம்?”

இவ்வளவு தெளிவாகக் கேட்ட பிறகு யார்தான் முதல் வழியைச் சொல்வார்கள்? கடப்பாரைகளோடு கிளம்பினார்கள். மதகின் இரும்பு ஷட்டரைச் சட்டத்தோடு பெயர்த்தார்கள். டிராக்டரில் ஏற்றினார்கள். மேளம் முன்னால் போயிற்று. ஏரிக்கரையில் ஷட்டர் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்ததை, ஊர்வலம் எதிர்ப்பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததால், யாரும் கவனிக்கவில்லை.

ஷட்டர் ஒன்று, வாசல் இரண்டு. இங்கேயும் ஒரு தகராறு வந்திருக்க வேண்டியது. ஆனால் பெரிய மனிதர்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஷட்டர் கிழக்குத் தெருவுக்கு, அதைத் திருப்புகிற சக்கரம் மேற்குத் தெருவுக்கு. சிமென்ட் குழைத்து வீரபாகுவின் வாசலில் ஷட்டரை நிறுத்தினார்கள். திருமேனியின் வாசலில் சக்கரத்தை நட்டார்கள். நல்ல நேரம் பார்த்து, திருமேனி தன் வாசலில் சக்கரத்தைத் திருப்ப, வீரபாகு தன் வாசலில் ஷட்டருக்குக் கற்பூரம் காட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காய்ந்த வாய்க்காலைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் செங்கமலம் தலைதெறிக்க ஓடி வந்தாள். புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. சிரிப்பும் அழுகையுமாக முகம்.

“தலைவரே! தண்ணி வந்துடுச்சு! வாழைக்கு முழங்கால் அளவு நிக்குது! மரமெல்லாம் தலையைத் தூக்கிடுச்சு!”

வீரபாகு வாய்க்காலைப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. “நாங்க இங்கயேதானே நிக்கிறோம்? வரலையே?”

“இதுல வரலை. பழைய வாய்க்கால் வழியா வந்துச்சு. மாட்டுக்கொட்டகைக்குள்ள பூந்து, சுத்துச்சுவரைச் சாய்ச்சுட்டு, திருமேனி அண்ணன் கக்கூஸ் கதவைத் தூக்கிக்கிட்டு, வளைஞ்சு வளைஞ்சு வந்து என் தோட்டத்துல நின்னுடுச்சு!”

அறிவானந்தம் நிதானமாகக் கேட்டார்.

“எந்தப் புள்ளியிலேருந்து வந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்?”

“சாய்வு?”

“அது பாட்டுக்கு வந்துச்சு.”

“நேர்கோடா?”

“நேராவா? நாலு இடத்துல திரும்புச்சு!”

அறிவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புள்ளி கிடையாது, சாய்வு கிடையாது, கோடும் கோணல். இது சமன்பாட்டுக்குக் கட்டுப்படாத தண்ணி. நாளைக்கு மேலிடத்துல கேட்டா நாம என்ன பதில் சொல்றது? இவ்வளவு செலவு பண்ணி ரெண்டு வாய்க்கால் வெட்டியிருக்கோம், தண்ணி கக்கூஸ் வழியா வந்துச்சுன்னா?”

கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் தங்கள் ஆயுளில் முதன்முறையாக ஒன்றாகத் தலையாட்டின. தீர்ப்பு உடனே கிடைத்தது. செங்கமலம் தோட்டத்தில் நிற்கிற முறைகேடான தண்ணீரை முழுவதும் மொண்டு எடுத்துவிட வேண்டும். அதைக் கொண்டுவந்து தலைவர் வாசலில், புள்ளியில் ஊற்ற வேண்டும். அது அங்கிருந்து சாய்வுப்படி, நேர்கோட்டில், முறையாக வந்து சேரட்டும். பழைய தண்ணீர் சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான், வாய்க்கால் தண்ணீர் வந்ததாகக் கணக்கு.

செங்கமலம் எதிர்த்துப் பேசுவாள் என்று நினைப்பீர்கள். அவளும் கோணமங்கலத்தில் பிறந்தவள்தானே! முறையில்லாத தண்ணீரில் விளைந்த குலையை நிலத்துக்காரர் ஒப்புக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. உடனே குடத்தை எடுத்துக்கொண்டாள். தெருப் பெண்கள் எல்லோரும் துணைக்கு வந்தார்கள்.

ஆற்றைத் தேடிப் போன பூங்கோதை சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஏரி வறண்டு கிடந்தது. மதகுச் சுவரில், ஓட்டைக்கு மேலே, y + y₁ = m(x + x₁) என்று எண்ணெய்ப் பெயின்ட் மின்னியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு ஊருக்குள் நடந்தார். பள்ளத்திலிருந்து தலைவர் வீடுவரை பெண்கள் வரிசையாகக் குடம் சுமந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஷட்டருக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கினார்கள். தண்ணீரும் அவர்கள் கூடவே படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“என்ன நடக்குது இங்கே?” என்று கேட்டார்.

“பாசனம் நடக்குதுங்க” என்றார் வீரபாகு பணிவாக.

செங்கமலம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தோட்டத்தில் வாழை மட்டும் கருகருவென்று செழித்து, குலை குலையாகத் தள்ளி நின்றது.

“நல்ல நேரத்துல வந்தீங்க மேடம்” என்றாள். “உங்க கோட்டுல ஏதோ தப்பு இருக்கு. நானும் அன்னையிலேருந்து மொண்டு மொண்டு கொட்டுறேன், என் தோட்டத்துல தண்ணி குறையவே மாட்டேங்குது!”

பூங்கோதை பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அறிவானந்தம் முந்திக்கொண்டார்.

“அதுதான் நான் முதல்லேருந்தே சொல்றேன், யாரு கேக்கிறீங்க? வாய்க்கால்ல முறையா வந்த தண்ணியை அப்படியே விட்டுட்டு, மத்த தண்ணியை மட்டும் மொள்ளும்மா!”